பேர்கனுக்குப் போன மஞ்சள் மழைக்கோட்டு

யூலை மாதம், மத்தியானம் பன்னிரண்டு மணி. பலேர்மோவில் அந்த நேரத்தில் தெருநாய்கூட நிழல் மாறிப் படுக்கப் பஞ்சிப்படும். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், சினோரா இக்னாசியா மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டு, தலைமூடியையும் இழுத்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"சூசி, இது கர் கர் எண்டு சத்தம் போடுது."

"புதுசு, சினோரா. நனைஞ்சாச் சரிவரும்."

"அப்ப நனை."

பூச்செடிகளுக்கு வைத்திருந்த வாளியில் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து அவருடைய தோளில் ஊற்றினேன். தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது. சினோரா குனிந்து அதைப் பார்த்தார்.

"கோட்டு நல்லது. தண்ணியைத்தான் வீணாக்கிப்போட்டாய். இண்டைக்குக் குழாயிலை வராத நாள் எல்லோ?"

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் சுகந்தி. சினோராவின் வாயில் அது முதல் நாளே சூசி ஆகிவிட்டது. காலை எட்டு மணி முதல் பின்னேரம் மூன்று மணி வரை அவர் வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. அவர் பேசுவது இத்தாலியன். ஆனால் என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

வரைபடத்தில் மட்டும் கண்ட நாடு

சினோரா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். நோர்வேயின் கரையைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவார். கடல் எங்கெங்கே நிலத்துக்குள் விரல் விட்டிருக்கிறது என்று ஒவ்வொரு விரலாகச் சொல்லுவார். ஆனால் ரோமைத் தாண்டி வடக்கே போனதில்லை.

எழுபதாவது பிறந்தநாளுக்கு மிலானில் இருக்கும் மகன் கப்பல் டிக்கெட் ஒன்று எடுத்து அனுப்பினார். நோர்வேக் கரையோரமாகப் பேர்கன், ஓலசுண்ட், ட்ரொம்சோ என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும் கப்பல். ஒவ்வொரு ஊரிலும் சில மணித்தியாலம். டிக்கெட்டைக் கண்ட அன்று சினோரா சமையலறைக் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"அங்கை என்ன சாப்பிடுறது? எங்கை நடக்கிறது? ஆரிட்டைக் கேக்கிறது?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் சோப்பு நுரை. திரும்பிச் சொன்னேன்: "என்ரை அக்காவிட்டைக் கேக்கலாம். அவ பேர்கனிலைதான் இருக்கிறா."

சினோரா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. இரண்டு வருடமாக அவருக்குச் சமைத்துப் போட்ட பெண்ணுக்குள் இருந்து திடீரென்று வட கடல் எழும்பி வந்ததுபோல ஒரு பார்வை.

இஞ்சை வாற கப்பல் ஆக்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். கப்பலில் வருகிற ஆட்களுக்கு வழி சொல்கிற வேலை எனக்கும் புதிதல்ல.

நான் இருந்த அறை போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே. துறைமுகம் நடந்துபோகிற தூரம். வெள்ளைக் கப்பல் வந்து நிற்கிற நாட்களில் தொப்பியும் கமராவுமாக ஆட்கள் இறங்கி, எந்தத் தெருவில் போவது என்று தெரியாமல் நிற்பார்கள். என்னால் சும்மா இருக்க முடியாது. உயர்தரம் வரை படித்த ஆங்கிலம் வாய்க்குள் கிடந்து துருப்பிடிக்கிறதே என்ற ஆத்திரம் வேறு. போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.

"றோட்டைக் கடக்கக் காத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நிண்டா நாளைக்கும் நிப்பியள். கையைத் தூக்கி, ட்ரைவரின்ரை கண்ணைப் பாத்துக்கொண்டு நடவுங்கோ."

"கப்பலிலை சாப்பிட்டிட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லாதேங்கோ. அந்த மூலையிலை கடலைமா அடை பொரிக்கினம். சூட்டோடை வாங்கிப் பாணுக்குள்ளை வைச்சுச் சாப்பிடுங்கோ."

ஒரு நாள் ஓர் ஆங்கிலேய அம்மா, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "நீ எந்த ஊர்?" என்றார். "இஞ்சைதான், போர்கோ வெக்கியோ" என்றேன். அவர் என் முகத்தையும் சந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் திரும்பி அந்தச் சந்தையைப் பார்த்தேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே பட்டது.

அக்காவின் கசெற்

சாந்தி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பேர்கன் துறைமுகத்து ஓரத்தில், கம்பளித் தொப்பி விற்கிற கடை ஒன்றில் இரண்டு கோடைகாலம் நின்றவள். கப்பல் ஆட்கள் செய்கிற மடத்தனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். இப்போது கைக்குழந்தையோடு லீவில் இருந்தாள். அத்தானுக்கு வடக்கே, ட்ரொம்சோப் பக்கத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை. சில கிழமைகளுக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவார்.

கடிதம் எழுத அவளுக்குப் பொறுமை இல்லை. கசெற் ஒன்றில் பேசி அனுப்பினாள். சினோராவின் சமையலறை மேசையில் ரேடியோவை வைத்து, நான் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். சினோரா மூக்குக்கண்ணாடி போட்டு, கொப்பியும் பேனையுமாக மாணவிபோல இருந்தார்.

"சுகந்தி, இது உன்ரை சினோராவுக்கு. முதல் விசயம், குடை கொண்டுவரச் சொல்லாதை. இஞ்சத்தைக் காத்துக்குக் குடை தாமரைப்பூ மாதிரி விரிஞ்சுபோம். தலைமூடி வைச்ச கோட்டு வேணும். மழை வருமோ எண்டு ஒருத்தரையும் கேக்கவேண்டாம். வரும்.

"கப்பலாலை இறங்கின உடனை எல்லாரும் மலைக்குப் போற கம்பி ரயிலுக்குத்தான் ஓடுவினம். அந்த வரிசையிலை நிண்டா அரைநாள் போம். முதல்லை பழைய மரவீடுகளைப் பாக்கட்டும். முன்னுக்கு நிண்டு படம் எடுத்திட்டுப் போறதில்லை. வீடுகளுக்கு நடுவிலை ஒழுங்கை இருக்கு, உள்ளை போகவேணும். எல்லாம் சரிஞ்சு, ஒண்டிலை ஒண்டு சாஞ்சு கொண்டு நிக்கும். பிறகு ரயிலிலை மலை ஏறி, வரேக்கை காட்டு வழியாலை நடந்து இறங்கட்டும்.

"மீன் சந்தையிலை ருசி பாக்கலாம், வயிறு நிரப்ப வேண்டாம். விலை பேசவேண்டாம். பேசினா அவையள் கோவிக்கமாட்டினம், பயந்துபோவினம். தண்ணிப் போத்தல் வாங்கவேண்டாம். குழாயிலை குடிக்கலாம்."

சினோரா கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன்.

"குழாயிலை ஒவ்வொரு நாளும் வருமோ?"

"ஓம், சினோரா."

"இரவிலையும்?"

"இரவிலையும்."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். மொட்டைமாடியில் எங்கள் தண்ணீர்த் தாங்கி வெயிலில் நின்றது. "அதைப் பாக்கவே போகலாம்" என்றார்.

அக்கா தொடர்ந்தாள். "றோட்டு ஓரத்திலை நிண்டு புதினம் பாக்கவேண்டாம். கடக்கப் போறியள் எண்டு நினைச்சு எல்லாக் காரும் நிண்டிடும். பஸ்ஸிலை வேறை சீற் இருக்கேக்கை ஒருத்தருக்குப் பக்கத்திலை போய் இருக்கக்கூடாது. வீட்டுக்குப் போனாச் சப்பாத்துக் கழட்டவேணும், எங்களை மாதிரித்தான். ஓலசுண்டிலை குன்றுக்குப் படியிருக்கு, ஏறேக்கை எண்ணவேண்டாம், காலுக்கு விளங்கிப்போம். ட்ரொம்சோவிலை இந்த மாசம் பொழுது படாது, கண்ணுக்குக் கட்ட ஒரு துணி கொண்டுபோகட்டும், அத்தான் சொன்னவர்."

"சப்பாத்துக் கழட்டுறதோ? மற்றவையின்ரை வீட்டிலையோ?" சினோராவின் முகம் சிவந்தது. பிறகு கொப்பியில், 'புதுக் காலுறை, ஆறு சோடி' என்று எழுதி அடிக்கோடு இட்டார்.

இந்தக் கசெற்றை நான் பிறகு நாலு பக்கத்தில் இத்தாலியனில் எழுதிக் கொடுத்தேன். சினோராவின் கோயில் தோழிகள் அதைப் பிரதி எடுத்தார்கள். அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும், முன்பின் தெரியாத சினோராக்கள் மணியடித்து, "நோர்வே எழுதின பிள்ளை இஞ்சையோ?" என்று கேட்டார்கள். நான் நோர்வேயை இந்த அத்தியாயம் எழுதுகிற இன்றுவரை கண்டதில்லை.

எங்கட ஆள்

கசெற்றின் கடைசியில் அக்காவின் குரல் மாறியது. பின்னால் குழந்தை சிணுங்கியது.

"சுகந்தி, இது சினோராவுக்கு இல்லை, உனக்கு. ஆரணிக்கு எட்டு மாசமாகுது. எங்கட வீட்டாள் ஒருத்தரும் இவளை இன்னும் தூக்கேல்லை. இஞ்சை தமிழ் ஆக்கள் நல்லவை, வருகினம், போகினம். ஆனா அம்மா இல்லை, நீ இல்லை. உன்ரை சினோரா ஒரு அஞ்சு நிமிசம் தூக்குவாவோ எண்டு கேள். உன்ரை கைச் சாப்பாடு சாப்பிடுற மனிசி, பாதி எங்கட ஆள்தானே. எனக்கு அது காணும்."

நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவை நான் கண்டு ஆறு வருடம். பெறாமகள் ஆரணியை நான் கண்டதே இல்லை. என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதி, அப்போது கெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. கையில் இருந்தது பற்றுத்துண்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு பலேர்மோ முழுக்க நடக்கலாம், எல்லை தாண்ட முடியாது. அக்காவுக்கும் கைக்குழந்தையோடு வர வழியில்லை.

"ஏன் நிப்பாட்டினனி? என்ன சொன்னவ?"

சொன்னேன். கேட்பதற்கே கூச்சமாக இருந்ததால் கடைசியில் மடத்தனமாக ஒன்றையும் சேர்த்தேன்: "உங்களுக்குப் பிள்ளை தூக்கத் தெரியும்தானே?"

சினோரா கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு பெத்து வளத்தனான். இவ கேக்கிறா, தூக்கத் தெரியுமோ எண்டு." பிறகு கொப்பியைப் புரட்டி, பேர்கன் என்று எழுதிய பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் எழுதினார்: பிள்ளை. அதற்குக் கீழேதான் மரவீடு, மலை, மீன் எல்லாம்.

மகன் மிலானில் இருந்து தொலைபேசியில் கத்தினார். தனியாகப் போகக்கூடாது, கூட்டத்தோடு பஸ்ஸில் போகவேண்டும் என்றார். "சரி மகன், சரி மகன்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்த கையோடு, "கோட்டு எங்கை வாங்கலாம்?" என்றார்.

துறைமுகத்துக்கு அருகில் மீனவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் மஞ்சள் கோட்டை நான்தான் தெரிவுசெய்தேன். ஆயிரம் பேருக்குள் நின்றாலும் அக்கா ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாள். அப்படித்தான் கடைக்காரரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் ஆட்களுக்கு நேரம் சொல்லும் முறை

ஒரு முக்கியமான விசயம் விளங்க வேண்டுமென்றால், பலேர்மோத் தமிழ் ஆட்கள் நேரம் சொல்கிற முறை தெரியவேண்டும்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் என்று வையுங்கள். கேக் வெட்டுவது ஆறு மணிக்கு. அழைப்பில் நாலு மணி என்று போடுவார்கள். நாலு என்று வாசிக்கிற எல்லோருக்கும் அது ஆறு என்று தெரியும். தெரிந்தபடியால் ஆறரைக்கு வருவார்கள். ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரரான இத்தாலியர் ஒருவர், கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டார். பாவம், எங்களோடு சேர்ந்து கதிரை அடுக்கி, பலூனும் ஊதினார்.

பலேர்மோக்காரரும் இதில் எங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள்தான். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சினோராவை அழைத்தால், ஒரு மணிக்குத்தான் அவர் தோடு தேடத் தொடங்குவார்.

ஆகவே அக்கா கசெற்றில், 'ஒரு மணிக்கு மீன் சந்தை மூலையிலை நிக்கச் சொல்லு' என்று சொன்னபோது, நான் கெட்டிக்காரி, சினோராவிடம் பன்னிரண்டு என்று சொன்னேன். பன்னிரண்டு என்றால் ஒன்றுக்கு வந்து சேருவார். கப்பல் ஐந்து மணிக்குப் போய்விடும். நாலரைக்கு ஏறியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தை நான் நழுவவிடத் தயாராக இல்லை.

ஒருவரையும் காணவில்லை

கப்பல் பேர்கனில் நின்ற அந்த நாள் சினோராவின் வீட்டில் நான் தனியாக இருந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். கதவுப் பித்தளைப் பிடியைத் துலக்கினேன். சந்திப்பு முடிந்ததும் அந்த வீட்டு இலக்கத்துக்குத்தான் அக்கா எடுப்பதாகப் பேச்சு. பன்னிரண்டரைக்கே மணி அடித்தது.

"அக்கா! என்ன, அதுக்குள்ளை கண்டிட்டியோ?"

"இல்லையடி, இப்பதான் பிள்ளை நித்திரையாப் போறாள். மனிசி என்ன நிறக் கோட்டு எண்டு கேக்க எடுத்தனான். நான் ரெண்டு மணிக்குத்தான் போறன்."

என் கையில் துணி அப்படியே நின்றது. "ரெண்டோ? நீ ஒண்டு எண்டெல்லோ சொன்னனி!"

"ஒண்டு எண்டு சொன்னாத்தானே ரெண்டுக்கு வருவினம்! பலேர்மோ ஆக்களை எனக்குத் தெரியாதே? உன்னையும் தெரியாதே?"

"ஐயோ அக்கா, நான் பன்னெண்டு எண்டு சொல்லிப்போட்டன்."

அக்கா, சின்ன வயதில் என்னைத் துரத்துகிற அதே குரலில் சொன்னாள்: "விசர்! மனிசி மழைக்கை நிக்குதடி! கோட்டு என்ன நிறம்?"

"மஞ்சள்!" அதற்குள் வைத்துவிட்டாள். கேட்டதோ இல்லையோ தெரியாது.

ஆரணியை நித்திரையோடு வண்டிலில் போட்டு, பஸ் பிடித்து, அவள் மூலைக்குப் போய்ச் சேர ஒரு மணி தாண்டிவிட்டது. தெருத் தொலைபேசியில் இருந்து எடுத்தாள். காற்று இரைந்தது.

"சுகந்தி, இஞ்சை ஒருத்தரும் இல்லை."

"வடிவாப் பார் அக்கா. மஞ்சள் கோட்டு. மஞ்சள்!"

"இஞ்சை எல்லாரும் மஞ்சள் கோட்டுத்தான்டி! சின்னப்பிள்ளை, கிழவி, மீன் விக்கிறவன், எல்லாம் மஞ்சள்! பலேர்மோவிலை நிண்டுகொண்டு நிறம் பாத்து வாங்கினியோ?"

மூலையில் நிற்கிற ஒவ்வொரு மஞ்சளுக்கும் முன்னால் போய், குனிந்து முகம் பார்த்ததாகப் பிறகு சொன்னாள். "போயிருப்பா. பாவம், குளிருக்கை எவ்வளவு நேரம் நிப்பா?" என்று சொல்லும்போதே சில்லறை முடிந்து தொடர்பு அறுந்தது.

நான் கீழே தரையில் இருந்துவிட்டேன். என்னுடைய கெட்டித்தனம், அக்காவின் கெட்டித்தனம், இரண்டும் சேர்ந்து அந்த ஐந்து நிமிடத்தைத் தின்றுவிட்டன. வெளியே வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் தக்காளி வதக்கும் மணம். பித்தளைப் பிடியை எழும்பிப்போய் இன்னொருதரம் துலக்கினேன். இனித் துலக்கினால் அது தேய்ந்துபோகும் என்ற நிலையில், இரண்டே காலுக்கு, மணி அடித்தது.

"சூசி." சினோராவின் குரல். ஆனால் மெல்லியதாக, இரகசியம் பேசுவதுபோல. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் கத்திக் கதைக்கேலாது. என்ரை தோளிலை ஒருத்தி நித்திரை."

"சினோரா! எங்கை நிக்கிறியள்?"

"உன்ரை அக்கா வீட்டிலை. சப்பாத்தில்லாமல். பொறு." ஏதோ உரசியது. ரிசீவரைக் கிட்டப் பிடித்திருக்கிறார். மூக்கடைப்பான, சின்ன மூச்சு ஒன்று வந்தது. போனது. இன்னொன்று வந்தது.

அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன்.

கத்திக் கதைக்கிற ஒருவர்

நடந்தது இதுதான். சினோராவும் தன் பங்குக்கு ஒரு கெட்டித்தனம் செய்திருந்தார். நோர்வேயில் நேரம் என்றால் நேரம், படிப்பித்த ஒருத்தி பிந்திப்போய் சிசிலியின் மானத்தை வாங்கக்கூடாது என்று, பன்னிரண்டுக்கு வரச் சொன்ன இடத்தில் பதினொரு மணிக்கே போய் நின்றுவிட்டார். அக்கா நினைத்த நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்தி!

நின்றது றோட்டு ஓரத்தில். கார் வந்து நின்றது. கையைக் காட்டிப் போகச் சொன்னார். கார் போகவில்லை. பின்னால் இன்னொரு கார். ட்ரைவர் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன செய்யிறது சூசி? கடந்தன். அங்காலை போய் நிண்டா, அங்காலையும் நிக்கினம். திரும்பிக் கடந்தன். ஏழு தரம் கடந்தன், மரியாதைக்காக. பலேர்மோவிலை எழுவது வருசத்திலை ஒருத்தன் எனக்காக நிப்பாட்டினதில்லை."

எட்டாவது தரம் கடக்கப்போன நேரம், எதிரே இருந்த கம்பளித் தொப்பிக் கடைப் பெண் இரக்கப்பட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அக்கா வேலைசெய்த அதே கடை. கோப்பி கொடுத்தாள். "வாளி நிறையக் கோப்பி, சூசி. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி. முழுக்கக் குடிச்சன், சூடா இருந்தது." அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒரு மணி தாண்டியபோது, கப்பலில் இருந்து வந்த இத்தாலியக் கூட்டம் ஒன்று கடைக்குள் நுழைந்து விலை பேசத் தொடங்கியது. சினோராவுக்குப் பொறுக்கவில்லை. 'விலை பேசினால் அவையள் பயந்துபோவினம்!' என்று, வகுப்பறையில் பேசுகிற குரலில், அவர்களுக்குப் பாடம் எடுத்தார்.

வெளியே தொலைபேசி அறுந்து, வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் காதில் அந்தக் குரல் விழுந்தது. முகம் தெரியாது. ஆனால் கசெற்றுக்குப் பிறகு சினோரா வீட்டுக்கு எனக்குத் தொலைபேசி எடுத்த ஒவ்வொருமுறையும் பின்னால், 'சூசி, உப்பு!' 'சூசி, பல்கனிக் கதவு!' என்று கேட்ட குரல் அது.

"பேர்கனிலை ஒருத்தரும் அப்பிடிக் கத்திக் கதைக்கமாட்டினம்" என்றாள் அக்கா. "கதவைத் திறந்து, 'சினோரா!' எண்டன். மனிசி திரும்பி என்னைப் பாக்கேல்லை. வண்டிலைத்தான் பாத்தவ."

ஐந்து நிமிடம் என்று கேட்டோம். கிடைத்தது மூன்று மணித்தியாலம். மலையும் இல்லை, மரவீடும் இல்லை. வீட்டில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார். காரத்துக்குக் கண்ணீர் வழிய, இது சூசியின் கை என்றாராம். நான் அளவு தெரியாமல் தைத்து அனுப்பிய சட்டை ஆரணியின் தலைக்குள்கூடப் போகவில்லை. இப்போது அதை ஒரு துணிக்கரடி போட்டிருக்கிறது. ஆரணி என்ற பெயர் சினோராவுக்கு வாயில் வரவில்லை. எங்கள் சந்தையில் பொரித்து விற்கிற சோற்று உருண்டையின் பெயரால், அரான்சினா, அரான்சினா என்று மூன்று மணித்தியாலமும் கூப்பிட்டாராம். பிள்ளை சரியாக அப்படித்தான் இருந்தாளாம். உருண்டையாக, சூடாக.

நாலு இருபத்தைந்துக்கு அக்கா அவரைக் கப்பல் ஏற்றினாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அன்று இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்குச் சரியாக நின்றார்கள்.

கோட்டு திரும்பி வந்தது

ஓகஸ்டில் சினோரா திரும்பினார். மகன் விமான நிலையத்தில் இருந்து கூட்டிவந்து விட்டுப் போனதும், பெட்டியைத் திறக்க முதல், கையில் வைத்திருந்த பையை என்னிடம் நீட்டினார். மஞ்சள் கோட்டு, நாலாக மடித்துக் கிடந்தது.

"கழுவிப்போடாதை. முதல்லை இடது தோளைப் பார்."

விரித்தேன். தோளில், உள்ளங்கை அளவில், காய்ந்துபோன வெள்ளைக் கறை.

"கப்பலுக்கு வெளிக்கிட்டு நிண்டு, கடைசியா ஒருக்கால் தூக்கினன். பால் கக்கிப்போட்டாள். உன்ரை அக்கா துணியோடை ஓடிவந்தவ, நான் துடைக்க விடேல்லை. 'இது பலேர்மோவுக்குப் போகவேணும்' எண்டன். அவவுக்கு இத்தாலியன் தெரியாது. ஆனா விளங்கிச்சுது. துணியைக் கீழை வைச்சிட்டா."

"மற்ற ஊர்களிலை மழை பெய்யேல்லையோ, சினோரா?"

"பெய்யாமல்? ஓலசுண்டிலை பெய்தது, ட்ரொம்சோவிலை பெய்தது."

"அப்ப கோட்டு?"

"பெட்டிக்கை கிடந்தது. குடை வாங்கினன்." மூன்று விரலைக் காட்டினார். "மூண்டு. மூண்டும் தாமரைப்பூ."

சிரிப்பு வந்தது. வேறு ஏதோவும் சேர்ந்து வந்தது. அதை மறைக்க நான் கோட்டைப் போட்டேன். கழுத்துவரை பூட்டினேன். ஓகஸ்ட் மாதத்து மத்தியானம், எல்லா யன்னலும் திறந்து, வெந்துகொண்டிருந்த கூடத்தின் நடுவில் நின்று, முகத்தை இடது பக்கம் திருப்பித் தோளோடு வைத்தேன். இறப்பர் மணம். அதற்கு அடியில், தேடினால்தான் கிடைக்கிற மாதிரி, புளித்த பால்.

சினோரா கதிரையில் இருந்து புதுக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வேர்த்து விழப்போறாய். கழட்டு, பிள்ளை."

"இன்னும் அஞ்சு நிமிசம், சினோரா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்கட அஞ்சோ, நோர்வே அஞ்சோ?"

"எங்கட அஞ்சு" என்றேன்.

"அப்ப நான் ஒருக்காப் படுத்தெழும்பிறன்" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.